லிங்க் அனுப்பினால் எம்.எல்.ஏ. அசைவாரா?

கேள்வி இது: "எங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்கு ஆன்லைனில் கருத்துக்கணிப்பு நடத்தி, முடிவை எம்.எல்.ஏ.விடமோ கவுன்சிலரிடமோ கொடுத்தால் ஏதாவது நடக்குமா? நடக்கும் என்றால் எப்படி நடத்துவது?"

பெரும்பாலான ஆன்லைன் கருத்துக்கணிப்புகள் அரசியல்வாதியின் அறையை எட்டுவதே இல்லை. எட்டினாலும் உதவியாளர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. "5,000 பேர் ஆதரவு" என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தால் அவருக்கு எழும் முதல் கேள்வி, "இதில் நம்ம தொகுதி ஓட்டு எத்தனை?" என்பதுதான். அதற்கு அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் பதில் இருக்காது. பதில் இருக்கும்படி செய்தால் நிலைமை வேறு.

அது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2008-இல் ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி, மக்களுக்கு ஒருமுறை வரித் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் யோசனையை வைத்தார். டேனியல் பட்லர், டேவிட் நிக்கர்சன் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் வாக்கெடுப்புக்கு முன்பே 10,690 பேரிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டார்கள். கீழவை உறுப்பினர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அவரவர் தொகுதியின் முடிவைக் கடிதமாக அனுப்பினார்கள். கடிதம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடத் தங்கள் தொகுதியின் கருத்தோடு கூடுதலாக ஒத்துப்போய் வாக்களித்தார்கள். ஊர்வலம் இல்லை, மிரட்டல் இல்லை, ஒரே ஒரு காகிதம். தொகுதி என்ன நினைக்கிறது என்று அவர்களுக்கு அதுவரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கட்சிக்காரர்களும் மனு கொடுக்க வருகிறவர்களும் சொல்வதுதான் காதில் விழும். வராதவர்களின் குரல் விழாது.

அந்தக் கடிதம் எடுபட்டதற்கான காரணங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண் அவருடைய தொகுதியின் எண். வாக்கெடுப்புக்கு முன் வந்தது. அவர் கையில் இருந்த முடிவைப் பற்றியது. நடத்தியவர்களுக்கு அந்த விஷயத்தில் சொந்த லாபம் இல்லை. கீழே சொல்லப்போகும் நடைமுறை எல்லாம் இந்த நான்கையும் நம்ம ஊரில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான்.

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். ஒரு தொகுதியில் சுமாராக இரண்டு முதல் மூன்று லட்சம் வாக்காளர்கள். 2016-இல் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் 137 ஓட்டு. எல்லாத் தொகுதியும் இப்படி இழுபறி இல்லைதான். ஆனாலும் அரசியல்வாதி கணக்குப் போடுவது பூத் பூத்தாக. தேர்தல் முடிந்ததும் வாக்குச்சாவடிவாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று படிவம் 20-இல் வெளியாகும்; எந்த பூத் கைகொடுத்தது, எது கைவிட்டது என்பது வட்டச் செயலாளருக்குக்கூட மனப்பாடமாக இருக்கும். ஆகவே உங்கள் முடிவைத் தொகுதி மொத்தமாக மட்டும் கொடுக்காமல், வாக்காளர் பட்டியலின் பாக எண்களோடு (ஒரு பாகம் என்பது ஒரு பூத்) பொருத்திக் கொடுங்கள். "இந்தப் பிரச்சினையைச் சொன்னவர்கள் 41 முதல் 47 வரையுள்ள பாகங்களில் அதிகம்" என்ற ஒரு வரி, ஐயாயிரம் லைக்கைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நம்பகம் கூடும் என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். டெலிஃபோன் டைரக்டரியிலும் கார் பதிவிலும் இருந்த முகவரிகளுக்குச் சீட்டு போனது ஒரு கோளாறு. திருப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மேல் கோபம் கொண்டவர்கள் அதிகம் என்பது அதைவிடப் பெரிய கோளாறு. பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2021-இல் அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக வாரம் சுமார் 2,50,000 பேரிடம் கொரோனா தடுப்பூசி பற்றிக் கேட்ட பெரிய கணிப்பு, ஊசி போட்டவர்களின் பங்கை மே மாதத்தில் உண்மையைவிட 17 சதவீதப் புள்ளி கூட்டிச் சொன்னது. ஏப்ரல் நிலவரத்தில் அந்த இரண்டரை லட்சம் பேர், முறையாகக் குலுக்கி எடுத்த 10 பேருக்குச் சமம் என்று பிறகு வந்த ஆய்வு கணக்கிட்டது. பத்து பேர்! யார் பதில் சொல்ல வருகிறார்கள் என்பதில் சாய்வு இருந்தால், கூட்டம் கூடக்கூடத் தவறு குறையாது. தவறின் மேல் உங்களுக்கு இருக்கும் தைரியம்தான் கூடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2012 அமெரிக்கத் தேர்தலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டி வழியாகக் கருத்துக் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் ஆண்கள், 65 சதவீதம் 18 முதல் 29 வயது. இதைவிடக் கோணலான கூட்டம் கிடைக்காது. ஆனாலும் ஒவ்வொருவரின் வயது, பாலினம், கல்வி, மாநிலம், போன தேர்தலில் யாருக்குப் போட்டார் என்ற விவரங்களைக் கேட்டு வைத்திருந்ததால், புள்ளியியல் முறைப்படி சரிசெய்து நல்ல கணிப்புக்கு வர முடிந்தது. யார் வந்தார்கள் என்று தெரிந்தால் திருத்தலாம். தெரியாவிட்டால் எந்தப் பேராசிரியராலும் முடியாது.

இந்தியாவில் கூட்டமாக மெயில் அனுப்பி ஒரு முடிவை மாற்றியதற்குப் பெரிய உதாரணம் டிராய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சில் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டபோது, இணையச் சமத்துவம் (எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்துவது) கேட்டு பத்து லட்சத்துக்கு மேல் மெயில்கள் போயின. அதே ஆண்டு டிசம்பரில் டேட்டாவுக்கு வேறுபட்ட கட்டணம் வைக்கலாமா என்று நான்கு கேள்விகளோடு இன்னொரு அறிக்கை. இப்போது ஃபேஸ்புக் களமிறங்கி, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகப் பயனர்களை ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி, தயாராக எழுதிய கடிதத்தை அனுப்ப வைத்தது. வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் கிட்டத்தட்ட 19 லட்சம் அந்த வார்ப்புக் கடிதங்கள். தலையெண்ணிக்கை என்றால் ஃபேஸ்புக் ஜெயித்திருக்க வேண்டும். டிராய் என்ன செய்தது? கேட்ட நான்கு கேள்விகளுக்கும் இதில் பதில் இல்லை என்றது. யோசித்து முடிவெடுப்பதற்கான கலந்தாய்வை, ஏற்பாடு செய்யப்பட்ட கருத்துக்கணிப்பாகத் தரம் இறக்குகிறீர்கள் என்ற பொருளில் அந்த நிறுவனத்துக்கே கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று வேறுபட்ட கட்டணத்தைத் தடைசெய்து விதி கொண்டுவந்தது. முதல் அலை கூட்டத்தால் மட்டும் எடுபடவில்லை. கேட்ட கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொன்னவர்கள் அதில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் இதைவிட மோசம். 2017-இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் இணையச் சமத்துவம் பற்றிக் கருத்துக் கேட்டபோது 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன. அவற்றில் சுமார் 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021-இல் அறிக்கை கொடுத்தார். 77 லட்சம் கருத்துகள் ஒரே ஒரு 19 வயதுக் கல்லூரி மாணவரின் கைவரிசை. இதெல்லாம் நடந்த பிறகு எந்த அலுவலகமும் வெறும் எண்ணிக்கையை நம்பத் தயாராக இல்லை.

சரி, செய்வது எப்படி?

கேள்வி எழுதும் முன், முடிவு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பாதிக் கணிப்புகள் இங்கேயே வழுக்குகின்றன. ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் என்றால் எம்.பி.யும் ரயில்வேயும். தெரு விளக்கு, குப்பை, சந்தை, பூங்கா என்றால் நகராட்சி மன்றம். பேருந்து வழித்தடம் போக்குவரத்துக் கழகத்தின் கையில். ஊருக்கு நடுவே போகும் சாலை உள்ளாட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பது அந்தச் சாலையில் நாற்பது வருடம் நடந்தவருக்கே தெரியாமல் இருக்கும், அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்யக்கூடியது என்றால் அவருக்கு மறுக்கச் சாக்குக் குறைவு. நேரமும் முக்கியம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் (துறைவாரி நிதி ஒதுக்கீட்டு விவாதம்) தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு கொடுத்த காகிதத்துக்கும், முடிந்த மறுவாரம் கொடுத்த காகிதத்துக்கும் விலை வேறு. நகராட்சி பட்ஜெட்டுக்கும் அப்படியே. கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் ஒன்றைக் குறிவையுங்கள். கணிப்பு முடிவைத் தீர்மானமாக்கிவிட்டால் அது பதிவேட்டில் ஏறிவிடும்.

அடுத்து கருவி. வாட்ஸ்ஆப் குழுவில் போல் போடுவதுதான் எல்லோருக்கும் கைவருகிறது. அங்கே என்ன நடக்கும் என்று பாருங்கள். அட்மின் போடுகிறார். முதல் கால்மணி நேரத்தில் நாலைந்து பேர் "ஆம்" அழுத்துகிறார்கள். யார் எதை அழுத்தினார்கள் என்று பெயரோடு எல்லோருக்கும் தெரியும். குழுவில் ஒன்றியச் செயலாளரின் மைத்துனரும் இருக்கிறார், கடை வாடகைக்கு விட்டவரும் இருக்கிறார். மாற்றுக் கருத்து உள்ளவர் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். பிழைப்புக்காகத் துபாய் போன பக்கத்து வீட்டுப் பையனும் ஒரு ஓட்டுப் போடுவான். இதில் கிடைப்பது கருத்து இல்லை, மரியாதை. எக்ஸ் தளத்து வாக்கெடுப்பில் பெயர் தெரியாது. ஆனால் ஊரும் தெரியாது. இரண்டையும் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அளவெடுக்க வேண்டாம்.

நடைமுறையில் ஓடக்கூடிய ஏற்பாடு ஒன்று சொல்கிறேன். உங்கள் நகராட்சிப் பகுதியில் 6,000 வீடு என்று வைத்துக்கொள்வோம். தெருத் தெருவாக வரிசைப்படுத்தி, 1 முதல் 10-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அந்த வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பத்தாவது வீட்டையும் குறியுங்கள். 600 வீடு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: ஒரு க்யூஆர் கோடு, கையால் அடிக்கக்கூடிய சின்ன லிங்க், அந்த வீட்டுக்கு மட்டுமான ஆறு இலக்க எண். எண்ணை 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுக்காதீர்கள். ஒருவர் பக்கத்து எண்ணை ஊகித்து அடித்துவிடுவார். வீட்டில் யார் பதில் சொல்வது? விட்டுவிட்டால் வீட்டுக்கார ஐயாதான் சொல்வார். "இந்த வீட்டில் 18 வயது நிரம்பியவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவர்" என்று சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பதில் வராத வீட்டுக்கு இரண்டு தடவை திரும்பப் போக வேண்டும். ஒருமுறை மாலை, ஒருமுறை ஞாயிறு. முதல் நாளே ஓடிவந்து பதில் சொல்பவர்கள் ஏற்கெனவே சூடானவர்கள். மூன்றாவது தடவையில் கதவு திறப்பவரிடம்தான் ஊரின் நடுமனசு இருக்கிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு, அதே கேள்விகளை அதே சொற்களில் வாசித்து அவர் சொல்வதை நீங்கள் பதியலாம். பல வீடுகளில் போன் கணவர் கையில்தான் இருக்கும், ஆகவே இந்த ஏற்பாடு இல்லாமல் பெண்களின் எண்ணிக்கை படுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். ஊரையும் காலனியையும் ஒரே பட்டியலில் சேருங்கள். எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று அரசியல்வாதிக்கு அத்துபடி. உங்கள் 300 பதிலும் நான்கே தெருக்களிலிருந்து வந்திருந்தால், அதை ஊர்க் கருத்தாக அவர் படிக்க மாட்டார், ஒரு சமூகத்தின் கோரிக்கையாகவே படிப்பார். அப்படிப் படித்தால் அவர் தப்பும் இல்லை.

கூகுள் ஃபார்மே போதும், ஆனால் சில சுவிட்சுகளைக் கவனியுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்பதைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் பதிலளிக்க முடியும். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதை அணைத்துவிட்டு ஆறு இலக்க எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை, பதில்கள் சேரும் கூகுள் தாளில் பிடியுங்கள். மற்றவர்களின் பதில் சுருக்கத்தைக் காட்டும் வசதியைக் கட்டாயம் அணையுங்கள். விடைகளின் வரிசையை மாற்றி மாற்றிக் காட்டும் வசதியைப் போடுங்கள். பட்டியலில் மேலே இருப்பதற்குச் சும்மாவே சில ஓட்டு விழும். வாரக் கடைசியில் நேரப் பதிவைப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் நாற்பது பதில், எல்லாம் ஒரே வார்ப்பில் என்றால் லிங்க் வெளியே கசிந்திருக்கிறது. எண் பட்டியலில் இல்லாத பதிவுகளை எடுத்துவிட்டு, எத்தனையை எடுத்தீர்கள் என்பதையும் அறிக்கையில் சொல்லுங்கள்.

கேள்வியின் சொற்கள்தான் எல்லோரும் சறுக்கும் இடம். "குடும்பங்களைச் சீரழிக்கும் மதுக்கடையை அகற்ற வேண்டுமா?" என்று கேட்டால் 95 சதவீதம் ஆம் வரும். அந்த 95-க்கு எந்த மதிப்பும் இல்லை, ஏனென்றால் கேள்வியே பதிலைச் சொல்லிவிட்டது. "சந்தையைப் புதுப்பித்து வாகன நிறுத்தம் அமைக்கலாமா?" என்பதில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது, புதுப்பிப்பது வேண்டும், நிறுத்தம் வேண்டாம் என்பவர் என்ன செய்வார்? நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், வீடு தேடி வந்து கேட்பவரிடம் "இல்லை" என்று சொல்லச் சங்கடப்பட்டு "ஆமாங்க" என்பது. அதற்கு மருந்து, ஆம்/இல்லை வடிவத்தையே தவிர்ப்பது: "பழைய சந்தைக் கட்டடம் பற்றி: அ) இருந்த இடத்திலேயே பழுதுபார்க்க வேண்டும், ஆ) இடித்துவிட்டு அந்த இடத்தில் வாகன நிறுத்தம் கட்டி, சந்தையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், இ) இரண்டில் எதுவானாலும் சரி, ஈ) இதுபற்றி எனக்குத் தெரியாது." கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கவலையில்லாதவரும் விவரம் தெரியாதவரும் வேறு வேறு ஆட்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வியாக, விடைகள் எதுவும் கொடுக்காமல், "உங்கள் பகுதியில் உடனே தீர்க்க வேண்டிய பிரச்சினை எது?" என்று கேளுங்கள். உங்கள் விஷயத்தைத் தானாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். நீங்கள் நூறு பேரிடம் சந்தையைப் பற்றிக் கேட்டால் நூறு பேரும் ஏதாவது சொல்வார்கள். தானாகச் சொன்னவர் ஆறு பேர்தான், நாற்பது பேர் குடிநீரைச் சொன்னார்கள் என்றால், அதை மறைக்காதீர்கள். எம்.எல்.ஏ.வுக்கு அந்த நாற்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். நீங்கள் அதையும் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் மற்ற எண்களை நம்புவார். "இதற்காக ஓட்டை மாற்றிப் போடுவீர்களா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். கோபத்தில் எல்லோரும் மாற்றுவேன் என்பார்கள், அது அவருக்கும் தெரியும். மிரட்டல் போல வேறு இருக்கும்.

மொத்தம் ஆறு கேள்விக்கு மேல் போனால் பாதியில் மூடிவிடுவார்கள். வயது, பாலினம், பாக எண் ஆகிய மூன்றும் தனி.

இனி சரிசெய்யும் கணக்கு. இதை மட்டும் சற்று நிதானமாகப் படியுங்கள், கால்குலேட்டர் போதும். கற்பனை எண்களில் காட்டுகிறேன். 400 பதில் வந்தன. 18–39 வயதில் 280 பேர், அவர்களில் 196 பேர் வாகன நிறுத்தத்துக்கு ஆதரவு. 40–59 வயதில் 90 பேர், ஆதரவு 36. அறுபதைத் தாண்டியவர்கள் 30 பேர், ஆதரவு 9. கூட்டினால் 241 ஆதரவு, அதாவது 60 சதவீதம். இதைத்தான் எல்லோரும் போஸ்டர் அடிப்பார்கள். இப்போது வாக்காளர் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது இருக்கும். பத்துக்கு ஒரு பெயர் எடுத்து எண்ணினால் போதும். ஊரில் 18–39 வயதினர் 42 சதவீதம், 40–59 வயதினர் 36, அறுபதைத் தாண்டியவர்கள் 22 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இளையவர்களின் ஆதரவு 70 சதவீதம், அதை 42-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 29.4. நடுவயது 40 சதவீதம், 36-ஆல் 14.4. மூத்தோர் 30 சதவீதம், 22-ஆல் 6.6. கூட்டினால் 50.4. அறுபது என்று மார்தட்டியது பாதிக்குப் பாதியாகிவிட்டது. இளையவர்கள் லிங்க்கைச் சீக்கிரம் திறந்தார்கள், வேறொன்றுமில்லை.

பிழை வரம்பும், அதாவது உண்மை உங்கள் எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற அளவும், கூடும். முறையாகக் குலுக்கி எடுத்த 100 பதிலுக்குச் சுமார் பத்து புள்ளி முன்பின், 400-க்கு ஐந்து, 1,000-க்கு மூன்று. மேலே சொன்னதுபோல் வயதுப் பங்குக்கு ஏற்பச் சரிசெய்தால் அந்த 400 பேர் சுமார் 270 பேருக்குத்தான் சமம், வரம்பு ஆறாகும். 50.4-க்கு ஆறு முன்பின் என்றால் "ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது" என்பதுதான் நேர்மையான முடிவு. முப்பது பேரை நம்பி அறுபது வயதுக்காரர்களின் கருத்தை எழுதுவதும் ஆபத்து. அந்த வயதில் இன்னும் நாற்பது வீடாவது தேடிப்போக வேண்டும்.

ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கும்போது வெறும் சதவீதம் யாருக்கும் உதவாது. இதற்குத் தைவான்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2014 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அங்கே வி-தைவான் (vTaiwan) என்ற அமைப்பு உருவானது. 2015-இல் ஊபரை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று போலிஸ் என்ற மென்பொருளில் மக்களிடம் கேட்டார்கள் (காவல்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). யார் வேண்டுமானாலும் ஒரு வரிக் கருத்து எழுதலாம். மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டுகிறேன் என்று அழுத்தலாம். பதில் எழுத மட்டும் வழியில்லை. ஆகவே சண்டையும் இல்லை. யார் யார் ஒரே மாதிரி அழுத்துகிறார்கள் என்று பார்த்து மென்பொருள் குழுக்களாக வரைபடம் போடும். டாக்சி தரப்பும் ஊபர் தரப்பும் தனித்தனியாக நின்றாலும், பயணிக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற கருத்துகளில் இரண்டு தரப்பும் சேர்ந்தன. அரசு அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கியது. உங்கள் சந்தை விஷயத்தில் "எதைச் செய்தாலும் இப்போதுள்ள கடைக்காரர்களுக்கே முதலில் இடம்" என்ற வரியை இரண்டு தரப்பும் எண்பது சதவீதம் ஏற்றால், எம்.எல்.ஏ.வுக்குப் பிடித்தது அதுதான். யாரையும் பகைக்காமல் அறிவிக்கலாமே! போலிஸ் மென்பொருள் இலவசம். ஆனால் மாதிரி எடுக்கும் வேலையை அது செய்யாது, அது உங்கள் தலையில்தான்.

மனு இயக்கம் வேறு, கணிப்பு வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்ல வேண்டும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். எந்தத் தொகுதியில் எத்தனை பேர் என்று வரைபடமும் உண்டு. பிரெக்ஸிட்டை (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதை) கைவிடச் சொன்ன 2019 மனுவில் 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. விவாதம் நடந்தது, முடிவு மாறவில்லை. மனு எத்தனை பேர் கொதிக்கிறார்கள் என்று காட்டும், கொதிக்காதவர்கள் எத்தனை பேர் என்று காட்டாது. உங்களுக்கு எது தேவை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொண்டுபோய்க் கொடுப்பது ஒரே ஒரு பக்கம். யார் நடத்தினார்கள், செலவு யாருடையது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை வீட்டில் கேட்டு எத்தனை பதில், கேள்வி சொல்லுக்குச் சொல், திருத்தாத எண்ணும் திருத்திய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில், பாகவாரி அட்டவணை, கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காதீர்கள். "வரும் மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கவும்" என்றால் அவரால் ஆம் அல்லது இல்லை சொல்ல முடியும், பிறகு நீங்கள் போய்க் கேட்கவும் முடியும். உதவியாளரிடம் ஒரு நகல், ஒப்புகைக் கையெழுத்து. பத்திரிகைக்குப் போகும் முன் அவருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். தானே அறிவித்ததாக இருக்க ஆசைப்படுவார், இருந்துவிட்டுப் போகட்டும். அதே காகிதத்தை எதிர்க்கட்சி ஆளுக்கும் கொடுப்பதாக அவரிடமே சொல்லிவிடுங்கள். "இதுக்குப் பின்னாடி யாரு?" என்ற சந்தேகம் அதில் பாதி போய்விடும், வேகம் கொஞ்சம் வந்துவிடும்.

தேர்தல் நேரத்தில் ஒரு எச்சரிக்கை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான கணிப்பு முடிவுகளைத் தொலைக்காட்சி போன்ற மின்னணு ஊடகங்களில் வெளியிடுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு தடுக்கிறது. வாக்களித்துவிட்டு வருபவரிடம் கேட்கும் கணிப்புக்கு 126ஏ பிரிவில் தனித் தடை, இரண்டு ஆண்டு வரை சிறை. சந்தைக் கணிப்பே ஆனாலும் அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லது.

பதில் சொன்னவர்களின் விவரத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு. 2015 ஏப்ரலில் டிராய் தனக்கு வந்த லட்சக்கணக்கான மெயில்களை அனுப்பியவர்களின் முகவரியோடு இணையத்தில் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டது. ஊர்க் கணிப்பில் அந்தத் தவறு நடந்தால் மெயில் குப்பையோடு நிற்காது, வாசலில் ஆள் வந்து நிற்கும். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம், காகிதத்தில் மட்டும் இருக்கட்டும். கள வேலை முடிந்த அன்றே கிழித்துவிடுங்கள். ஃபார்மை மூடி, பதில் தாளில் ஆறு இலக்க எண் உள்ள பத்தியை அழித்த பிறகுதான் அதை வேறு யாருடனும் பகிர வேண்டும். ஒரு பாகத்தில் ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் சொல்லியிருந்தால் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த நான்கு பேர் யார் என்று கண்டுபிடிக்க வட்டச் செயலாளருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.